மூணாவதா வந்தா போதாதா?

ஒரு சின்ன கேள்வி. யோசிக்காம பதில் சொல்லணும்.

மூணு சீட் இருக்கு. அதுக்கு ஒரு போட்டி நடக்குது. யார் யாருக்கு சீட்?

'இதெல்லாம் ஒரு கேள்வியா? முதல் மூணு இடம் வந்தவங்களுக்குத்தான்!'னு சொல்லியிருப்பீங்க. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. ஆனால், 2014 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒருத்தர் மூணாவதா வந்தார். மறுநாள் லிஸ்ட் வந்துச்சு. அதில் அவர் பேர் இல்லை. நாலாவதா வந்தவர் பேர் இருந்துச்சு!

விளையாட்டு, பெண்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங். கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஐஸ் தரை, ஷூவுக்கு அடியில் மெல்லிசா ஒரு பிளேடு, பின்னணியில் இசை. வேகமா வந்து எகிறி, காத்துலயே மூணு சுத்து சுத்தி, ஒத்தைக் கால்ல இறங்கணும். இறங்கும்போது முகத்துல சிரிப்பும் இருக்கணும். டி.வி-யில் பார்த்து 'வாவ்' சொல்லியிருப்பீங்க. அந்த 'வாவ்'-க்குப் பின்னாடி நடக்கிற கதையைத்தான் இந்த வாரம் பேசப் போறோம். ஏன்னா, இது வெறும் ஐஸ் கதை இல்லை பாஸ். செலக்‌ஷன் லிஸ்ட் ஒட்டுற எல்லா இடத்துலயும் நடக்கிற கதை.

பாஸ்டனில் என்ன நடந்தது?

அது அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப். அடுத்த மாசம் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். அமெரிக்கப் பெண்களுக்கு மூணு சீட். முதலிடம் கிரேஸி கோல்ட். இரண்டாமிடம் பொலீனா எட்மண்ட்ஸ், பதினஞ்சு வயசுதான்! மூணாவது மிராய் நகாசு, 190.74 புள்ளிகள். நாலாவது ஆஷ்லி வாக்னர், 182.74. அதாவது, மூணுக்கும் நாலுக்கும் நடுவே எட்டுப் புள்ளி இடைவெளி. அன்னைக்கு வாக்னர் ரெண்டு தடவை கீழே விழுந்தார். நகாசு நல்லாவே ஆடினார்.

ஆனால், தேர்வுக் கமிட்டி கோல்ட், எட்மண்ட்ஸ், வாக்னர்னு மூணு பேரை அறிவிச்சது. நகாசுவை மாற்று வீராங்கனையாக ஓரமா உட்கார வெச்சது.

நகாசு சும்மா வந்த ஆள் இல்லை. கலிஃபோர்னியாவில் அவர் பெற்றோர் ஜப்பானிய உணவகம் நடத்தினாங்க. பதினாறு வயசுலயே 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பிடிச்சவர். ஒரே ஒரு படி மேலே போயிருந்தா மெடல்!

'அநியாயம்!'னு கத்தணும்போல இருக்கா? இருங்க. கமிட்டி பக்கத்தையும் கேட்டுட்டு அப்புறம் கத்தலாம்.

தேசிய போட்டியில் முதல் மூணு பேரைத்தான் அனுப்பணும்னு அங்கே விதியே இல்லை. 'கடந்த ஒரு வருஷ ரெக்கார்டைப் பார்த்து முடிவெடுப்போம்' என்பதுதான் விதி. ரெக்கார்டைப் பார்த்தால்... வாக்னர் 2012, 2013 ரெண்டு வருஷமும் தேசிய சாம்பியன். 2013 டிசம்பரில், உலகின் டாப் ஆறு பேர் மட்டும் மோதும் கிராண்ட் ப்ரீ ஃபைனலில் வெண்கலம். நகாசுவுக்கு அந்தக் காலகட்டத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி பெரிசா எதுவும் இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. அமெரிக்காவுக்கு மூணு சீட் எங்கேயிருந்து வந்துச்சு?

நாற்காலி யாருக்குச் சொந்தம்?

அப்போ ஒலிம்பிக்ஸுக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதை முந்தின வருஷ உலக சாம்பியன்ஷிப்தான் முடிவு பண்ணுச்சு. உங்க நாட்டுக்காரங்களில் சிறந்த ரெண்டு பேரோட இடத்தைக் கூட்டணும். கூட்டுத்தொகை 13-க்குள் வந்தா மூணு சீட். அதைத் தாண்டி 28-க்குள் இருந்தா ரெண்டு. அவ்ளோதான் அப்போதைய கணக்கு.

2013 உலக சாம்பியன்ஷிப்பில் வாக்னர் அஞ்சாவது. கோல்ட் ஆறாவது. கூட்டினால் 11. ஆக, மூணாவது நாற்காலியைத் தூக்கிட்டு வந்த ரெண்டு பேரில் ஒருத்தர், அந்த வாக்னரேதான்!

இப்போ சொல்லுங்க... வருஷம் முழுக்க உழைச்சு நாற்காலியைக் கொண்டுவந்தவர் ஒரு ராத்திரி ரெண்டு தடவை விழுந்தார். அதுக்காக அவரை வெளியே அனுப்பலாமா? இல்லை, அந்த ஒரு ராத்திரியில் தைரியமா நின்னு ஆடினவரை வெளியே அனுப்பலாமா?

கொஞ்சம் கஷ்டமா இருக்குல்ல? இருக்கட்டும்.

இதில் ஒரு உள்கதையும் உண்டு. 2010-ல் அமெரிக்காவுக்கு ரெண்டே சீட்தான். ஏன்னா, 2009 உலகப் போட்டியில் ரேச்சல் ஃப்ளாட் அஞ்சாவது, அலிஸ்ஸா சிஸ்னி பதினொண்ணாவது. கூட்டினால் 16. அந்த 2010 தேசிய போட்டியில் ஃப்ளாட் முதலிடம், நகாசு ரெண்டாமிடம், மூணாமிடம்... நம்ம வாக்னர்! அன்னைக்கு நகாசு வான்கூவர் போனார். வாக்னர் வீட்டுக்குப் போனார். மூணாவதா வந்தும் சீட் கிடைக்காத வலி, வாக்னருக்கு நாலு வருஷம் முன்னாடியே தெரியும்.

அடிபட்டவருக்கு ஒரு சீட்

கமிட்டி குறுக்கே வந்தது இதுதான் முதல் தடவையா? இல்லை. ஆனால், முன்னாடி நடந்த ரெண்டு பெரிய சம்பவங்களிலும் காரணம் வேற.

1994 ஜனவரி 6. டெட்ராய்ட்டில் தேசிய போட்டிக்குப் பயிற்சியை முடிச்சிட்டு வெளியே வந்த நான்சி கெரிகனின் முழங்காலுக்கு மேலே ஒருத்தன் தடியால் அடிச்சிட்டு ஓடினான். திட்டம் போட்டது, சக போட்டியாளர் டோனியா ஹார்டிங்கின் முன்னாள் கணவர்னு பிறகு தெரிஞ்சது. கெரிகனால் போட்டியில் கலந்துக்க முடியலை. பட்டம் ஹார்டிங்குக்கு. ரெண்டாவது வந்தது, மிஷெல் குவான் என்கிற பதிமூணு வயசுக் குட்டிப் பொண்ணு. அந்த வருஷம் ரெண்டே சீட். கமிட்டி ஹார்டிங்கையும் கெரிகனையும் அனுப்பிச்சது. குவான் மாற்று வீராங்கனையா நார்வேக்குப் போய் வேடிக்கை பார்த்தார். (ஹார்டிங்கின் அந்தப் பட்டத்தை ஜூன் மாசம் பறிச்சு, ஆயுள் தடையும் போட்டாங்க.)

பன்னெண்டு வருஷம் கழிச்சு சக்கரம் சுத்தி வந்துச்சு. 2006-ல் அதே குவான் ஒன்பது தடவை தேசிய சாம்பியன், அஞ்சு தடவை உலக சாம்பியன். ஆனால், காயம். தேசிய போட்டிக்கே வர முடியலை. 'எனக்கு ஒரு வாய்ப்பு குடுங்க'னு மனு போட்டார். அஞ்சு பேர் கொண்ட குழு அவர் பயிற்சி எடுக்கும் இடத்துக்கே போய், ஆடச் சொல்லிப் பார்த்து ஓகே சொல்லுச்சு. மூணாவதா வந்த எமிலி ஹியூஸ் வெளியே. ஆனால், இத்தாலியின் டூரின் நகரத்தில் இறங்கி, முதல் பயிற்சியிலேயே குவானுக்கு வலி. 'என்னால முடியாது'னு அவரே விலகிட்டார். எமிலிக்கு அவசர அழைப்பு. கிளம்பிப் போய் ஆடினார். ஏழாவது இடம்!

1994-ல் தன் சீட்டை இழந்த பொண்ணு, 2006-ல் இன்னொரு பொண்ணோட சீட்டில் உட்கார்ந்து, பிறகு அவரே எழுந்து கொடுத்துட்டார். சினிமாவில் வெச்சா 'ஓவர்'னு சொல்வோம்.

இந்த ரெண்டிலும் கமிட்டி இடம் கொடுத்தது, காயத்தால் தேசிய போட்டியில் ஆடவே முடியாதவங்களுக்கு. 2014 அப்படி இல்லை. ரெண்டு பேருமே ஆடினாங்க. ஒரே ஐஸ், ஒரே நடுவர்கள். ஒருத்தர் எட்டுப் புள்ளி அதிகம் எடுத்தார். அதனாலதான் அது அவ்வளவு வலிச்சது.

போஸ்டர் முதல்ல, படம் அப்புறம்

அந்த வலியில் உப்பு தடவின விஷயம் ஒண்ணு உண்டு. விளம்பரம்.

சோச்சிக்கு மாசக்கணக்கில் முன்னாடியே வாக்னர் பிரபலம். நைக்கி, கவர்கேர்ள், பண்டோரானு பெரிய பெரிய பிராண்டுகள் அவர் பக்கம். ஒலிம்பிக்ஸை ஒளிபரப்பும் என்.பி.சி. சேனலின் முன்னோட்ட விளம்பரங்களிலும் அவர் முகம். இந்த நிலைமையில் மூணாவதா வந்தவரை விட்டுட்டு நாலாவதா வந்தவரைக் கூப்பிட்டா ஊர் என்ன பேசும்? 'போஸ்டர் அடிச்சாச்சு, ஹீரோயினை எப்படி மாத்துவாங்க?'னு பேசும். பேசுச்சு. வாக்னர் வெள்ளை நிறம், பொன்னிறக் கூந்தல். நகாசு ஜப்பானிய வம்சாவளி. 'இதுவும் ஒரு காரணமா?' என்ற கேள்வி அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே எழுந்தது. ஃபெடரேஷன் சொன்ன பதில் ஒண்ணுதான் - ரெக்கார்டு.

அந்தச் சந்தேகம் சும்மா வந்ததும் இல்லை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் தாரா லிபின்ஸ்கி தங்கம், மிஷெல் குவான் வெள்ளி. அப்போ எம்.எஸ்.என்.பி.சி. தளம் போட்ட தலைப்பின் அர்த்தம், 'குவானை வென்றார் அமெரிக்கர்'. குவான் யாரு? கலிஃபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கப் பொண்ணு! மன்னிப்புக் கேட்டாங்க. 2002-ல் சாரா ஹியூஸ் (எமிலியின் அக்கா) தங்கம் ஜெயிச்சப்போ சியாட்டில் டைம்ஸ் பத்திரிகையில் மறுபடி கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு தலைப்பு. மறுபடி மன்னிப்பு.

மீடியாவுக்கு ஏன் இந்த விளையாட்டு மேல் இவ்வளவு பாசம்? 1994-க்கே போவோம். கெரிகனும் ஹார்டிங்கும் ஒரே ஐஸில் இறங்கின அந்த ராத்திரி, சி.பி.எஸ். சேனலுக்குக் கிடைச்ச ரேட்டிங் 48.5. அமெரிக்காவில் டி.வி. இருக்கிற வீடுகளில் கிட்டத்தட்ட பாதி வீடு அதைப் பார்த்திருக்கு! ஒரு நல்லவர், ஒரு கெட்டவர், நடுவில் ஐஸ். இந்த ஃபார்முலா ஹிட் ஆனதும், நாலு வருஷத்துக்கு ஒருதரம் ஒரு 'முகம்' தேவைப்பட ஆரம்பிச்சது. முகத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கணும். ஏன்னா, விளம்பரத்தை முன்கூட்டியே ஷூட் பண்ணணும்.

ஆனா, முகம் ஜெயிக்கும்னு கேரன்டி இல்லை. 1994-ல் தங்கம் ஜெயிச்சது கெரிகன் இல்லை. அஞ்சுக்கு நாலு என்ற நடுவர் கணக்கில், உக்ரைனின் பதினாறு வயசு ஒக்சானா பையுல். 1998, 2002 ரெண்டிலும் குவான்தான் போஸ்டர். தங்கம் வேற ஆளுக்கு. ஐஸுக்கு போஸ்டர் படிக்கத் தெரியாது.

மார்க் போடுறவருக்கு முகம் உண்டா?

'கமிட்டி வேண்டாம், கேமரா வேண்டாம். மார்க்கை மட்டும் நம்பினா போதாதா?'னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஆனா, அந்த மார்க்கையும் போடுறது மனுஷங்கதான்.

பழைய முறையில் உச்ச மார்க் 6.0. ஒவ்வொரு நடுவரும் தன் மார்க்கை வெச்சு 'இவர் ஒண்ணு, இவர் ரெண்டு'னு வரிசைப்படுத்துவார். 2002 சால்ட் லேக் சிட்டியில் அது வெடிச்சது. ஜோடிப் பிரிவில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் கிடைக்க, 'அப்படி ஓட்டுப் போடச் சொல்லி எனக்கு நெருக்கடி வந்தது'னு பிரெஞ்சு நடுவர் சொன்னார். பிறகு அதை மறுத்தார். கடைசியில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்து சமாளிச்சாங்க. அந்த நடுவருக்கும் பிரெஞ்சு ஃபெடரேஷன் தலைவருக்கும் மூணு வருஷத் தடை.

2004-ல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் புது முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை விலை. எவ்வளவு சுத்தமா பண்ணினாங்க என்பதற்கு நடுவர்கள் கூட்டியோ குறைச்சோ போடுவாங்க. அது தவிர ஸ்கேட்டிங் திறமை, நளினம், இசையோடு ஒட்டுறது இதுக்கெல்லாம் தனி மார்க். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தூக்கிட்டு மிச்சத்தின் சராசரி. கேட்கவே நல்லா இருக்குல்ல?

கூடவே ஒரு விஷயம் பண்ணினாங்க. எந்த நடுவர் எந்த மார்க் போட்டார்னு வெளியே தெரியாம மறைச்சாங்க. 'பேர் தெரியலைன்னா, சொந்த நாட்டு ஃபெடரேஷன் அவங்களை மிரட்ட முடியாது'னு நியாயம் சொன்னாங்க. ஆனா, பேர் தெரியலைன்னா நாமளும் கேள்வி கேட்க முடியாதே! எரிக் சிட்ஸ்விட்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மார்க்குகளை அலசிப் பார்த்தார். தன் நாட்டுக்காரர் நடுவர் வரிசையில் இருந்தால் கிடைக்கும் சலுகை, பேரை மறைச்ச பிறகு குறையலை. கூடத்தான் செஞ்சிருக்கு!

2014 சோச்சியில் இது உச்சத்துக்குப் போச்சு. ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 224.59, தங்கம். தென் கொரியாவின் கிம் யுனா 219.11, வெள்ளி. வான்கூவர் தங்கத்தை 228.56 என்ற உலக சாதனையோடு ஜெயிச்சவர் கிம். நடுவர்களில் ஒருத்தர், 1998 ஒலிம்பிக்கில் ஐஸ் டான்ஸ் முடிவை முன்கூட்டியே பேசி வெச்ச விவகாரத்தில் ஒரு வருஷம் தடை வாங்கினவர். இன்னொருத்தர், ரஷ்ய ஃபெடரேஷனின் மூத்த நிர்வாகியின் மனைவி. கொரியா கொடுத்த புகாரை சர்வதேச சங்கம் தள்ளுபடி செஞ்சது.

சோட்னிகோவா பக்கமும் நியாயம் உண்டு. கிம் ஆறு மும்முறைத் தாவல் போட்டார், சோட்னிகோவா ஏழு. விலைப்பட்டியல்படி பார்த்தால் அது கூடுதல் சரக்குதான். ஆனா, யார் எவ்வளவு போட்டாங்கன்னே தெரியாத மார்க் ஷீட்டை வெச்சுக்கிட்டு எந்தப் பக்கம் நின்னு வாதாடுறது? பாவம், ஜெயிச்சவங்களுக்கும் முழுசா சந்தோஷப்படக் கொடுத்து வைக்கலை. 2016-ல் அந்த மறைப்பை எடுத்தாங்க. இப்போ எந்த நடுவர் எவ்வளவு போட்டார்னு எல்லாருக்கும் தெரியும்.

எட்டரைப் புள்ளி

சரி, நகாசு என்ன ஆனார்?

அவர் முன்னாடி மூணு கதவு இருந்துச்சு. நடுவர்கள் போடுற மார்க். கமிட்டி எடுக்கிற முடிவு. மீடியா தேர்ந்தெடுக்கிற முகம். பின்னால இருக்கிற ரெண்டையும் தட்டிப் பிரயோஜனம் இல்லை. முதல் கதவிலும் பாதிதான் நம்ம கையில். நளினத்துக்கு நடுவர் என்ன போடுவாரோ! ஆனா, தாவலுக்கு ஒரு விலை உண்டே... அது புத்தகத்தில் அச்சடிச்சிருக்கு.

நகாசு கொலராடோவுக்கு இடம் மாறினார். டிரிபிள் ஆக்ஸலைக் கையில் எடுத்தார். மத்த தாவல் எல்லாம் பின்பக்கமா வழுக்கிக்கிட்டே எகிறணும். ஆக்ஸல் மட்டும் முன்பக்கம் பார்த்து எகிறி, பின்பக்கமா இறங்கணும். அதனால டிரிபிள் என்றால் மூணு சுத்து இல்லை, மூணரை. பெரும்பாலான பெண்கள் போடுற டபுள் ஆக்ஸலின் அடிப்படை விலை அப்போ 3.3. டிரிபிள் ஆக்ஸலுக்கு 8.5! இருபது வயசு தாண்டின பிறகு, அதுவும் உடம்பு அடி வாங்கின பிறகு, யாரும் புதுசா கத்துக்கிற தாவல் இல்லை இது. விழுந்தார். எழுந்தார். திரும்ப விழுந்தார். 2017 செப்டம்பரில் சர்வதேசப் போட்டியில் முதல்முறையா நின்னு இறங்கினார்.

2018 ஜனவரி, சான் ஹோசே. தேசிய போட்டி. முதலிடம் பிரேடி டென்னல். ரெண்டாமிடம் மிராய் நகாசு. மூணாமிடம் கேரன் சென். நாலாமிடம்... ஆஷ்லி வாக்னர்!

இந்தத் தடவை கமிட்டி முதல் மூணு பேரையே அனுப்பிச்சது. நளினத்துக்கான மார்க்கைக் குறைச்சுப் போட்டுட்டாங்கன்னு வாக்னர் பத்திரிகையாளர்கள் முன்னாடி வெளிப்படையாவே கோபப்பட்டார். மாற்று வீராங்கனை நாற்காலி இப்போ அவருக்கு.

அந்த வருஷம் மூணு சீட் எப்படி வந்துச்சு தெரியுமா? 2017 உலக சாம்பியன்ஷிப்பில் கேரன் சென் நாலாவது, வாக்னர் ஏழாவது. கூட்டினால் 11. மறுபடியும் நாற்காலியைத் தூக்கிட்டு வந்ததில் ஒரு கை வாக்னருடையது. ஆனா, அதில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. நாற்காலி நாட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி, 2016-ல், அமெரிக்கப் பெண்களுக்குப் பத்து வருஷமா கிடைக்காத உலக மெடலை, வெள்ளியை, வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். எங்கே? அதே பாஸ்டனில்!

2018 பிப்ரவரி 12, தென் கொரியாவின் கங்நியூங். டீம் போட்டியில் நகாசு எகிறினார். மூணரை சுத்து. சுத்தமா இறங்கினார். ஒலிம்பிக்கில் டிரிபிள் ஆக்ஸல் போட்ட முதல் அமெரிக்கப் பெண். உலக அளவில் மிடோரி இட்டோ, மாவோ அசாடாவுக்குப் பிறகு மூணாவது ஆள். ஆமா, மூணாவது!

தனிநபர் போட்டியில் அவருக்குப் பத்தாவது இடம்தான். எல்லாம் சுபம்னு முடிய இது சினிமா இல்லை.

லிஸ்ட் ஒட்டும்போது...

இந்தக் கதையில் வில்லி யாரு? வாக்னரா? விதிப்படி கூப்பிட்டாங்க, போனார். சோச்சியில் ஏழாவதா வந்தார். அவர் ஒண்ணும் நகாசுவின் பையில் கை விடலை. கமிட்டியா? ஒரே ராத்திரியை வெச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு அவங்க சொன்னதில் தப்பில்லை. தேசிய போட்டியில் தங்கள் ஊர் நடுவர்கள் தாராளமா மார்க் போடுவாங்க என்பதும் அவங்களுக்குத் தெரியும்.

கோளாறு வேற இடத்துல இருந்துச்சு. விதி புத்தகத்தில் இருந்தது. ஆனா, எந்தப் போட்டிக்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்பது தெளிவா இல்லை. அந்த இருட்டில்தான் விளம்பரமும் நிறமும் சந்தேகமா நுழைஞ்சது. 2018-க்கு முன்னாடி அமெரிக்க ஃபெடரேஷன் போட்டிகளைப் படிநிலையாகப் பிரிச்சு, எதுக்கு அதிக முக்கியத்துவம்னு முன்கூட்டியே எழுதி வெச்சது. வாக்னருக்குக் கோபம் வந்துச்சே தவிர, அந்தத் தடவை கமிட்டியை யாரும் பெரிசா குறை சொல்லலை. பாருங்க, ரெண்டு வருஷமும் ஒருத்தர் அழுதார். ஆனா, ஒரு அழுகைக்குப் பின்னாடி சந்தேகம் இருந்துச்சு. இன்னொண்ணுக்குப் பின்னாடி அவ்வளவா இல்லை.

நடுவர் விஷயத்துலயும் அதேதான். மனுஷன் போடுற மார்க்கில் சாய்வு இருக்கும். அதை முழுசா ஒழிக்க முடியாது. ஆனா, யார் எவ்வளவு போட்டாங்கன்னு காட்டலாம். காட்டினா, கேள்வியாவது கேட்கலாம்.

அதனால, உங்க காலேஜ் டீமுக்கோ, கல்ச்சுரல்ஸுக்கோ, எதுக்கோ செலக்‌ஷன் நடந்தா, 'எனக்கு எத்தனை மார்க்?'னு லிஸ்ட் ஒட்டின பிறகு கேட்காதீங்க. 'எதை வெச்சு எடுக்கப் போறீங்க?'னு முதல் நாளே கேளுங்க. எழுதித் தரச் சொல்லுங்க. நீங்க செலக்‌ட் பண்ணுற இடத்துல இருந்தா, கேட்கிறதுக்கு முன்னாடியே நோட்டீஸ் போர்டில் ஒட்டிடுங்க. உங்க ஃப்ரெண்டு தோத்துட்டு வந்து நிற்கும்போது, அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல உங்களுக்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

அதையும் மீறி லிஸ்ட்ல பேர் இல்லைன்னா? ரெண்டு நாள் அழுங்க, தப்பில்லை. மூணாவது நாள், விலைப்பட்டியலை எடுங்க. யாராலும் குறைச்சுப் போட முடியாத எட்டரைப் புள்ளி அதில் எங்கேயாவது இருக்கானு தேடுங்க.

கடைசியா ஒரு தகவல். சோச்சி டீம் போட்டியில் வாக்னருக்கு வெண்கலம். 2018-ல் டீம் போட்டியில் நகாசுவுக்கும் வெண்கலம். 2010-லேர்ந்து ஒருத்தர் போனால் இன்னொருத்தர் போக முடியாமலே மூணு ஒலிம்பிக்ஸை முடிச்ச ரெண்டு பேர் வீட்டு அலமாரியிலும் இன்னைக்கு ஒரே கலர் மெடல்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும், விழுந்தாலும் சிரிச்சுக்கிட்டே எழுந்திருங்க!